இரண்டிலும் செவ்வரளி

பெரியப்பா, நீங்கள் என்னை ஏமாற்றினீர்கள். இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியைத்தான் வைத்தீர்கள்.

என் வாரப் பத்தியில் போன வாரமே இதை எழுதியிருக்க வேண்டும். கோச்சிங் விடுதியின் புளிச் சாதத்தைப் பற்றி எழுதி அந்த வாரத்தை ஓட்டிவிட்டேன். உண்மையை எழுதினால் அம்மா ஊரில் தலைகாட்ட முடியாதே என்று பயந்தேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மாசி அமாவாசை

உடுமலைப்பேட்டையிலிருந்து எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் காற்றாலைகள். அன்று ஒன்றுகூடச் சுற்றவில்லை. உங்கள் காரில் முன்சீட்டில் அப்பா. பின்னால் அம்மா, பெரியம்மா, நான். நெஞ்சில் தையல் போட்ட இடத்தில் சீட்பெல்ட் உரசாமல் இருக்க, அப்பா ஒரு துண்டை நான்காக மடித்து வைத்திருந்தார்.

நீட் விண்ணப்பம் முடிய மூன்று நாள் இருந்தது. நான் பாதிக்கு மேல் நிரப்பியிருந்தேன். புகைப்படம், கையெழுத்து, கைரேகை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கடைசிப் பக்கத்தை அனுப்பினால் முடிந்தது. அனுப்புவதா வேண்டாமா, இந்த வருடம் எழுதுவதா அடுத்த வருடமா என்று கேட்கத்தான் சாமியிடம் போனோம்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பூக் கேட்பதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து, ஒரே மாதிரி நாரால் கட்டுவார்கள். பூசாரி அதைச் சாமி காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டுவார். பிறகு ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். கல்யாணம், நிலம், போர்வெல், வெளிநாட்டு வேலை எல்லாவற்றுக்கும் இதுதான்.

எங்கள் கோயிலில் இன்னொரு வழக்கம் உண்டு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும். பிரித்துப் பார்த்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும்.

பொட்டலம் கட்டுவது பங்காளிகளில் மூத்தவர் வேலை. அதாவது நீங்கள். மடப்பள்ளிக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டு வந்தீர்கள். உங்கள் விரலில் வாழைக்கறை இருந்தது.

"எடு கண்ணு. மனசுல நெனச்சுக்கிட்டு உன்ற கையாலயே எடு," என்றீர்கள்.

பத்து மணிக்கே கல் தரை சுட்டது. நான் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தேன். இடது பக்கம் இருந்ததை எடுத்தேன். நார் இறுகியிருந்ததால் பல்லால் கடித்து அவிழ்த்தேன். அம்மா, "கடிக்காத, சாமி பொருளு," என்று அதட்டினாள்.

சிவப்பு.

"சரி, போச்சாது உடு. ஆத்தாளே அடுத்த வருசம்னு சொல்லிப்போட்டா. இனி நாம பேச என்ன இருக்குது?" என்றீர்கள். வலது பக்கப் பொட்டலத்தை நீங்களே எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டீர்கள். தண்ணீர் ஆழத்தில் இருந்தது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

அப்பா உள்ளே வரவில்லை. நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார், என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்: "ஒரு வருசந்தானே சாமி. கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள போயிரும்."

ஆறு வாரம்

நான் ஒன்றும் மக்குப் பெண் இல்லை. இதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரும் எனக்காகச் சொல்லப்போவதில்லை.

பிளஸ் டூ முடித்த வருடம் எழுதினேன். கிடைக்கவில்லை. அது பரவாயில்லை, முதல் தடவை பலருக்கும் கிடைப்பதில்லை. கோயம்புத்தூரில் ஒரு கோச்சிங் சென்டரில் மறுபடி எழுதுகிறவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தேன். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் நாற்காலியின் வடிவம் உடம்பில் பதிந்த பிறகுதான் எழுந்திருப்போம். மார்கழியில் நடந்த மாதிரித் தேர்வுகளில் எங்கள் வகுப்பின் முதல் பத்துப் பெயர்களில் என் பெயர் இருந்தது.

பொங்கல் முடிந்த வாரம் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. தேங்காய் வண்டிக்கு லோடு ஏற்றும்போது அப்படியே மட்டைக் குவியல்மேல் சாய்ந்துவிட்டார். கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்து பைபாஸ் செய்தார்கள்.

மாடுகளை விட்டுவிட்டு அம்மாவால் வர முடியவில்லை. நான்தான் கோவையில் இருந்தேன். அதனால் நான்தான் கூட இருந்தேன். ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம், பக்கத்தில் வாடகை அறை எடுத்து இரண்டு வாரம், ஊரில் இரண்டு வாரம். ஆறு வாரம் வகுப்பு போயிற்று.

இதில் எனக்கு வருத்தம் இல்லை. எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது அப்படி நினைப்பார்கள். அப்பாவுக்கு முதுகைத் தட்டிவிட்டு இருமச் சொல்லிக் கொடுத்தது நான். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் இருமுவார், வலியில் என் மணிக்கட்டைப் பிடிப்பார். அங்கே ஒரு டியூட்டி டாக்டர் பெண், என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர், அப்பாவின் இசிஜி தாளை விரித்து எந்த மேடு எதைச் சொல்கிறது என்று எனக்குக் காட்டினார். அதுவரை டாக்டர் ஆக வேண்டும் என்பது மற்றவர்கள் சொல்லி நான் சொன்ன வார்த்தை. அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் அது என்னுடையதாக ஆனது.

திரும்பி வகுப்புக்குப் போய் ஒரு மாதிரித் தேர்வு எழுதினேன். மதிப்பெண் சரிந்திருந்தது. இயற்பியல் சார் தாளை வாங்கிப் பார்த்தார்.

"பயாலஜி அப்படியே இருக்கு. பிசிக்ஸ்தான் துரு ஏறியிருக்கு. ரெண்டு மாசத்துல தேய்ச்சுடலாம்," என்றார். "ஃபார்ம் போட்டுடு, தாரணி. பரீட்சைக்கு முந்தின நாள் வேண்டாம்னு தோணுச்சுன்னா போகாத. ஃபார்மே போடலைன்னா அன்னைக்கு ஆசைப்பட்டாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

இவ்வளவு எளிமையான விஷயம். ஒரு வாத்தியார் தெளிவாகச் சொன்ன விஷயம். அதை நான் வீட்டில் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள்.

"வாத்தியாருக்கு என்னம்மணி? உன்ற அப்பனுக்குப் பண்ணுனாப்பல அவரு நெஞ்சையா கிழிச்சுத் தெச்சிருக்குது? எதுக்கும் பூக் கேட்டுப்போட்டு முடிவு பண்ணிக்கலாம்."

போர்வெல் கதை

கொஞ்சம் பின்னால் போகிறேன். நான் ஆறாம் வகுப்பு படித்தபோது எங்கள் மேற்குத் தோட்டத்தில் போர்வெல் போடப் பூக் கேட்டார்கள். வெள்ளை வந்தது. வண்டி வந்தது. ராத்திரி பகல் என்று ஓட்டியும் புகைதான் வந்தது. தென்னை மட்டையெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போனது. அம்மா துவைத்துக் காயப்போட்ட சேலையெல்லாம் மண்.

சாமி பொய் சொல்லிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. வண்டியை அஞ்சடி தள்ளி நிறுத்திவிட்டார்கள், அதனால்தான் தண்ணீர் இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

அப்படி வளர்ந்தவள் நான். பத்தொன்பது வயதில் சிவப்புப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது எனக்குச் சந்தேகம் வருமா? வரவில்லை. அது என் தப்பு. அதற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை.

விண்ணப்பத்தின் கடைசி நாள் சாயங்காலம், அப்பாவின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் புகைப்படம் தெரிந்தது. காது இரண்டும் தெரிய வேண்டும் என்பதற்காக முடியை இழுத்துக் கட்டி எடுத்த படம். அப்பா பக்கத்தில் உப்பில்லாத மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அதை மூடிப்போடு சாமி," என்றார். மூடிவிட்டேன்.

நான் எழுதாத வருடம்

அந்த வருடம் வினாத்தாள் கடினம் என்றார்கள். கட்-ஆஃப் இறங்கியது. விடுதியில் என் பக்கத்துக் கட்டில்காரிக்குச் சீட் கிடைத்தது. மாதிரித் தேர்வுகளில் எப்போதும் எனக்குப் பின்னால் இருந்தவள். நல்ல பெண், அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. சீட் கிடைத்ததும் எனக்குத்தான் முதலில் போன் செய்தாள். எடுத்து, "சந்தோசம்டி," என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகையில் போய் நின்றேன்.

கட்-ஆஃப் விவரம் வந்த அன்று அப்பா செய்தித்தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். எனக்குக் காட்டவில்லை. என் மனம் நோகக் கூடாது என்று செய்கிறார் என நினைத்தேன்.

ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்து அப்பா இறந்துபோனார். வாய்க்கால் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போனவர். அதைப் பற்றி எழுத என்னால் இன்னும் முடியாது.

அடுத்த கோடையில் எழுதினேன். கைகால் இருந்தது, மண்டை இல்லை. அந்த வருடம் கட்-ஆஃப் ஏறியது. முந்தின வருடம் அதே மதிப்பெண்ணுக்குச் சீட் இருந்தது. இதை நானாகச் சொல்லவில்லை, இரண்டு வருடப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இப்போதும் எப்போதாவது பார்ப்பேன்.

அதற்கப்புறம் கல்யாண மண்டபங்களில் நான் பட்டது கொஞ்சமில்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரர், "டாக்டரம்மா, இந்த முட்டிவலிக்கு என்ன மாத்திரைங்க போடோணும்?" என்பார். எதிர் இலையில் சிரிப்பு. "இன்னும் படிச்சுட்டுத்தான் இருக்குதா புள்ள? பாடம் தீரவே தீராதா?" என்று இன்னொருத்தர். நான் ரசம் ஊற்றுகிறவரைக் கூப்பிடுவது போலத் திரும்பிக்கொள்வேன்.

மூன்றாவது தடவை எழுதவில்லை. கதிரியக்கத் தொழில்நுட்பம் படித்தேன். இப்போது துடியலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுக்கிறேன். நான் எடுத்த படத்தை வேறு ஒருவர் படித்து அறிக்கை எழுதுவார். எனக்கும் பல நேரம் தெரியும். ஆனால் நான் சொல்லக் கூடாது. நோயாளி என் முகத்தைப் பார்ப்பார். நான் சுவரைப் பார்ப்பேன்.

இத்தனை வருடமும் நான் திட்டியது என் கையைத்தான். இடது பக்கம் போன கையை. வலது பக்கம் போயிருந்தால் என்று நினைக்காத வாரம் இல்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும்போது பார்ப்பேன். சோறு பிசையும்போது பார்ப்பேன். ஒரு மனுஷி தன் கையையே வெறுக்க முடியும் பெரியப்பா. உங்களுக்குத் தெரியாது.

பெரியம்மாவின் மூக்குத்தி

போன ஆடியில் பெரியம்மா முதுகுவலிக்கு ஸ்கேன் எடுக்க எங்களிடம் வந்தார். உங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு அவரை உள்ளே கூட்டிப்போனேன். வளையல், சங்கிலி, கொண்டை ஊசி எல்லாம் கழற்றினேன். மூக்குத்தித் திருகு மட்டும் சுற்றவே இல்லை. கல்யாணத்துக்கு முன்பு போட்டதாம்.

"உடு கண்ணு, மூக்கே வந்துரும்போல இருக்குது," என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சுத்தத் தங்கம், காந்தம் இழுக்காது என்று மேலே ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன்.

மேசைமேல் படுத்ததும் அந்தக் குகையைப் பார்த்துப் பயந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒருக்காப் பூக் கேட்டுப்போட்டாச்சும் வந்திருக்கலாம்," என்றார்.

நான் விளையாட்டாகச் சொன்னேன்: "எனக்கு வந்தாப்பல செவப்பு வந்திருந்தா என்ன பண்ணுவீங்க பெரீம்மா?"

"உனக்கு எப்படிக் கண்ணு வெள்ளை வரும்? அவரு ரெண்டுலயும் செவப்புத்தானே வெச்சாரு."

அவர் சாதாரணமாகச் சொன்னார். பால்காரர் வந்துவிட்டாரா என்று கேட்கிற குரலில் சொன்னார். எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறார்.

"என்னங்க சொல்றீங்க?"

"ஏன், உனக்குத் தெரியாதா? உன்ற அப்பனுக்குத் தெரியுமே. பைபாஸ் பண்ணுன நெஞ்சு, நீ எழுதி மறுக்காத் தோத்துப்போயிட்டா அது தாங்குமான்னுதானே ரெண்டு பேரும் பேசி அப்படிப் பண்ணுனாங்க. உன்ற நல்லதுக்குத்தான் கண்ணு. நெம்ப நாளாச்சுதே, இன்னுமா சொல்லாம இருக்கறாங்க?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? அமுக்கு பந்தை அவர் கையில் கொடுத்தேன். காதில் பஞ்சு வைத்தேன். "பயமா இருந்தா அமுக்குங்க," என்று சொல்லி மேசையை உள்ளே தள்ளினேன். கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். மெஷின் டக டக என்று அடித்தது. மைக்கில், "ஆடாம படுத்திருங்க பெரீம்மா, இன்னும் பத்து நிமிசந்தான்," என்று சொன்னேன். என் குரல் நன்றாகவே இருந்தது. படம் ஒன்றுகூடக் கலங்கவில்லை.

இளநீர்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தோட்டத்துக்கு வந்தேன். நீங்கள் களத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்ததும், "வா அம்மணி. இந்த வெயில்ல எதுக்கு வந்தே? ஒரு போன் பண்ணியிருந்தா வண்டி அனுப்பியிருப்பனே," என்று நீங்களே ஒரு இளநீரைச் சீவினீர்கள்.

கேட்டேன். நேராகவே கேட்டேன். "ரெண்டுலயும் செவப்பு வெச்சீங்களா பெரீப்பா?"

அரிவாளை நிறுத்தவில்லை. "சாமி காரியத்தை நோண்டக் கூடாது."

"சாமி காரியம் இல்லீங்க. என்ற காரியம்."

"இப்ப என்ன கெட்டுப்போச்சு? ஏசி ரூம்ல நல்ல வேலைலதான் இருக்கறே."

"அப்பாவுக்குத் தெரியுமாங்க?"

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தீர்கள். "உன்ற அப்பன் இருந்தா அவங்கிட்டயே கேட்டுக்க," என்றீர்கள். இளநீரை நீட்டினீர்கள். நான் வாங்கவில்லை. அதைக் கட்டில்மேல் வைத்தீர்கள், சாய்ந்து கொட்டிப்போனது.

அம்மாவிடம் சொன்னேன். மாசி அமாவாசைக்கு முன் மூன்று நாள் விரதம் இருந்து பூக் கேட்கப் போனவள் அவள். மூன்று நாள் உங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நான்காம் நாள் உங்கள் வீட்டுக்கே கறிவேப்பிலை கேட்டுப் போனாள். "ஒரே வாசல்ல இருந்துக்கிட்டு எத்தனை நாளைக்கு?" என்று என்னிடம் கேட்டாள். அவளால் அவ்வளவுதான் முடியும்.

நான் கேட்பது

அப்பாவின் உயிருக்காகச் செய்தோம் என்று நீங்கள் சொல்லலாம். என்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். சண்டை போட்டிருப்பேன். அழுதிருப்பேன். கடைசியில் அப்பாவுக்காக நானே எழுதாமல் நின்றிருக்கலாம். நின்றிருந்தால் அது என் முடிவு. நான் விட்டுக்கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு ஆயுளை ஓட்டிவிடலாம்.

அதைக்கூட நீங்கள் எனக்குத் தரவில்லை.

இன்னொன்று. நான் தேர்வு எழுதினால் தோற்பேன் என்று உங்கள் கணக்கு. நான் ஜெயித்திருந்தால் அந்த நெஞ்சுக்கு என்ன ஆகியிருக்கும் என்று ஒருவருக்குமா தோன்றவில்லை? ஒரு வருடம் தள்ளிவைத்தீர்களே, அந்த ஒரு வருடம் அவர் முழுதாக இருந்தாரா?

இப்போது மறுபடி விண்ணப்ப மாதம். எங்கள் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி போன வருடம் டெங்குக் காய்ச்சலோடு எழுதிக் கோட்டை விட்டிருக்கிறாள். இந்த வருடம் போடலாமா, ஒரு வருடம் நிறுத்தி எழுதலாமா என்று வரும் அமாவாசைக்குப் பூக் கேட்கப் போகிறார்களாம். பொட்டலம் கட்டப்போவது நீங்கள்தான். அந்தப் பெண் இதைப் படித்தால் சொல்கிறேன்: கண்ணு, போகிறதுக்கு முன்னாலேயே ஃபார்மைப் போட்டுவிட்டுப் போ.

தனியாகக் கேட்டால் நீங்கள் எனக்கு ஆறுதலாக ஒரு பொய் சொல்வீர்கள். உங்களுக்கு அது கைவந்ததுதான். அதனால்தான் இங்கே கேட்கிறேன். சாமிக்குப் பயப்படாதவர் நீங்கள், அதைத்தான் கண்ணால் பார்த்தாயிற்று. நாலு பேருக்குப் பயப்படுவீர்கள் என்று நம்புகிறேன்.

பூவைப் பற்றிய பதில்கூட எனக்கு இனிமேல் வேண்டாம். ஒன்றே ஒன்று சொல்லுங்கள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இருமிய அந்த மனிதர், தன் மகள் தேற மாட்டாள் என்று தானாக உங்களிடம் வந்து சொன்னாரா? இல்லை, நீங்கள் சொல்லி, அண்ணன் பேச்சைத் தட்டத் தெரியாமல் தலையாட்டினாரா? என்மேல் நம்பிக்கை இல்லாமல் போனது யாருக்கு? அவருக்கா, உங்களுக்கா?

வரும் அமாவாசை அன்று பங்காளிகள் எல்லோரும் கோயிலில் இருப்பார்கள். அன்னதானத்துக்கு முன்னால் மைக் பிடித்துப் பேசுவீர்கள். நானும் வருகிறேன், அம்மாவோடு. அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, என் அப்பாவின் பெயரைச் சொல்லி, பதில் சொல்லுங்கள்.